நிலைத்த வேலைக்குப் பால் கூட்டுறவு

கிராமங்களுக்கு நாம் எப்பணியின் நிமித்தம் சென்றாலும், கூட்டம் கலையும் வேளையில் பெற்றோர் சிலர் நம்மை அணுகிக் கேட்பது ஒன்றே: "பிள்ளை படித்துவிட்டான், ஊரிலேயே ஒரு வேலைக்கு வழி உண்டா, ஐயா?" சாலை வந்துவிட்டது, மின்விளக்கு வந்துவிட்டது, பள்ளிக்கூடமும் வந்துவிட்டது. ஆயினும் படித்த பிள்ளைகள் அச்சாலை வழியே திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் புறப்பட்டுச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். வெளியூர் சென்று பொருளீட்டுவது தவறன்று. ஆனால் விரும்பிச் செல்வது வேறு. வேறு கதியின்றிச் செல்வது வேறு. இரண்டாம் வகையினரின் தொகையைக் குறைப்பது கிராம வளர்ச்சிப் பணியின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகும்.

இந்நோக்கத்திற்கு உதவும் தொழில்கள் பல உண்டு. அவற்றுள் பால் உற்பத்தி ஒன்றை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். கறவை மாடு வளர்ப்பது நமது குடியானவர்களுக்குப் புதிதன்று. எனினும் அதே தொழில் ஓர் ஊரில் குடும்பங்களைக் கைதூக்கி விடுவதும், அடுத்த ஊரில் கடனில் ஆழ்த்துவதும் ஏன் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

கூலியும் வருவாயும்

வேலை இருவகைப்படும். அன்றன்று செய்து அன்றன்று முடிவது ஒன்று. இன்று செய்தது நாளைய வேலைக்கும் அடிப்படையாவது மற்றொன்று. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராமக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் 100 நாள் வேலை பெறும் உரிமையை அளித்தது. வறட்சிக் காலத்தில் ஏழை மக்களின் அடுப்பு அணையாமல் காத்ததில் அவ்வேலை ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் ஆண்டில் எஞ்சிய நாட்களுக்கு வழி என்ன என்னும் கேள்வி நிற்கவே செய்தது.

நடுத்தரக் குடும்பம் என்றால் மாடி வீடும் மோட்டார் வண்டியும் உடைய குடும்பம் என்று சிலர் எண்ணுகின்றனர். நமது கருத்தில், மழை பொய்த்த ஓராண்டில் நிலத்தை விற்காமலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாமலும் தாங்கி நிற்கவல்ல குடும்பமே நடுத்தரக் குடும்பமாகும். அதற்கு வேண்டுவது முறையாக வந்துகொண்டிருக்கும் வருவாய். நெல்லும் கரும்பும் ஆண்டில் ஓரிரு முறை பணம் தருகின்றன; இடைப்பட்ட மாதங்களைக் குடியானவர் கடன் வாங்கியே கடத்துகிறார். பாலுக்குரிய பணமோ பத்து அல்லது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கைக்கு வருகிறது. மளிகைக் கடைக் கணக்கைத் தீர்க்கவும், பள்ளிக் கட்டணம் செலுத்தவும், வங்கித் தவணை தவறாதிருக்கவும் இதுவே துணை செய்கிறது.

கடனில் வந்த பசு

நாம் பள்ளிச் சிறுவனாக இருந்த நாளில், நமது தெருவில் ஒரு வீட்டிற்கு அரசாங்கக் கடனில் கலப்பினப் பசு ஒன்று வந்தது. தெருவே கூடி அதைப் பார்த்தது. காலையும் மாலையும் குடம் நிறையப் பால் கறந்தனர். ஆனால் அப்பாலை வாங்குவாரில்லை. பக்கத்து ஊர்த் தேநீர்க் கடைக்காரர் கேட்ட விலை தவிட்டுச் செலவுக்கும் போதவில்லை. பசுந்தீவனத்திற்கு நிலமில்லை. கோடையில் பசுவின் எலும்பு தெரியலாயிற்று. இரண்டாம் ஆண்டு அது சந்தைக்குச் சென்றது. கடன் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அக்கடனை அடைப்பதற்காக அவ்வீட்டு மூத்த பிள்ளை படிப்பை விட்டுச் செங்கற் சூளைக்குச் சென்றதை நாம் மறந்ததில்லை.

அது ஒரு வீட்டின் துன்பம் மட்டுமன்று. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1999-ஆம் ஆண்டு வரை அது நடைபெற்றது. கடனும் மானியமும் சேர்த்து ஏழைக் குடும்பங்களுக்குத் தொழிற் சாதனம் வழங்குவது அதன் முறை. கறவை மாடுகள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. சந்தையும் தீவனமும் மருத்துவ வசதியும் இருந்த இடங்களில் பலர் பயனடைந்தனர். அவை இல்லாத இடங்களில் மாடு போய்க் கடன் நின்றது. திட்டத்தின் நோக்கம் நல்லதே. முதலில் வரவேண்டியது பின்னால் வந்ததே குறை.

ஆனந்த் காட்டிய முறை

முதலில் வரவேண்டியது எது என்பதைக் குஜராத் மாநிலத்துக் கேடா மாவட்டம் காட்டிற்று. அம்மாவட்டத்துப் பால் பம்பாய் நகரத்திற்குச் சென்றுகொண்டிருந்தது. வாங்கும் உரிமை ஒரே தனியார் நிறுவனத்திடம் இருந்தமையால், விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் குடியானவர் கையில் இல்லை. சர்தார் வல்லபபாய் படேலின் ஆலோசனைப்படி, 1946-ஆம் ஆண்டு ஜனவரியில் சமர்கா என்னும் கிராமத்தில் குடியானவர்கள் கூடி, தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதென்று தீர்மானித்தனர். கோரிக்கை ஏற்கப்படாத நிலையில் பதினைந்து நாட்கள் ஒரு சொட்டுப் பாலும் விற்க மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அவர்களுடைய மாவட்ட ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் அதற்குப் பால் அளித்தவை இரண்டே கிராமச் சங்கங்கள்.

திரிபுவன்தாஸ் படேல் கிராமந்தோறும் நடந்து சங்கங்களை அமைத்தார். 1949-ஆம் ஆண்டில் ஆனந்த் நகருக்கு வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன், சங்கத்தின் தொழிற்சாலையைத் திறம்பட நடத்தினார். கோழிக்கோட்டில் பிறந்த இவர், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். 1964-ஆம் ஆண்டில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அப்பகுதிக்குச் சென்று, ஒரு கிராமத்தில் இரவு தங்கிக் குடியானவர்களுடன் உரையாடினார். அம்முறையை நாடெங்கும் பரப்புவதற்காக 1965-ஆம் ஆண்டில் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் 1996 வரை நடைபெற்றது. 1998-ஆம் ஆண்டில் இந்தியா உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஆனந்தில் முதலில் அமைந்தது பாலுக்கு நேர்மையான விலையும், நாள் தவறாத கொள்முதலுமே. அவை அமைந்த பின் மக்கள் தாமே மாடு வாங்கினர்; தீவனத் தொழிற்சாலை வந்தது; கால்நடை மருத்துவரும் வந்தார்.

நமது மாநிலத்தில்

பால்வளத் துறை நமது மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டில் தனித் துறையாக அமைந்தது. ஆனந்த் முறையிலான மூன்று அடுக்கு அமைப்பும் பின்னர் இங்கு வேரூன்றியது. கிராமத்தில் தொடக்கப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். மாவட்ட அளவில் ஒன்றியம். மாநில அளவில் 1981-ஆம் ஆண்டில் தோன்றிய இணையம். இணையத்தின் பால் 'ஆவின்' என்னும் பெயரில் விற்பனையாவதை யாவரும் அறிவர். கிராமத்துச் சங்கம் பாலை அளந்து, பரிசோதித்து, ஒன்றியத்திற்கு அனுப்புகிறது. பால் கெடாதிருக்கப் பல இடங்களில் 4 டிகிரி வெப்பநிலைக்குக் குளிர்விக்கும் கலன்களும் நிறுவப்பட்டுள்ளன.

ஒரு கிராமத்தின் கணக்கு

கணக்கு விளங்குவதற்காக ஒரு கிராமத்தை மனத்தில் கொள்வோம். அதில் 100 குடும்பங்கள். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 8 லிட்டர் பால் ஊற்றுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 35 ரூபாய் கிடைப்பின், ஒரு நாளில் ஊருக்குள் வரும் பணம் 28,000 ரூபாய். ஒரு மாதத்தில் 8,40,000 ரூபாய். ஆண்டொன்றில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். இப்பணம் வெளியூரிலிருந்து வந்து, நூறு வீடுகளில் பிரிந்து, ஊர்க் கடைகளிலும் கூலியாட்களிடமும் மீண்டும் சுற்றுகிறது. சங்கத்தில் செயலாளர், பரிசோதகர், அளவையாளர் எனச் சிலருக்கு நேரடி வேலை. தீவனம் பயிரிடுவோர், புல் அறுத்துக் கொடுப்போர், வண்டி ஓட்டுவோர், புண்ணாக்குக் கடைக்காரர் ஆகியோருக்கு மறைமுகமான வேலை. யாவற்றினும் மேலாக, நூறு வீடுகளிலும் சொந்த வாசலில் அரைநாள் வேலை.

இனி ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 8 லிட்டருக்கு நாள் வரவு 280 ரூபாய். தீவனம், மருந்து முதலிய செலவு 150 ரூபாய் எனின், மிச்சம் 130 ரூபாய். பசு 300 நாள் கறந்தால் மிச்சம் 39,000 ரூபாய். ஆனால் வற்றுக்காலத்திலும் மாடு தின்னும். அதற்கு நாளொன்றுக்கு 70 ரூபாய் கழிக்கவேண்டும். பதினான்கு மாதத்திற்கு ஒருமுறை கன்று ஈனும் பசுவுக்கு வற்றுக்காலம் ஏறத்தாழ 125 நாள். செலவு போக 30,250 ரூபாய் நிற்கும்; மாதச் சராசரி சுமார் 2,160 ரூபாய். அதே பசு பதினெட்டு மாதத்திற்கு ஒருமுறை ஈன்றால் வற்றுக்காலம் 245 நாளாகிறது. நிற்பது 21,850 ரூபாய். மாதச் சராசரி 1,214 ரூபாய் மட்டுமே. பசுவும் பாலும் விலையும் மாறவில்லை; கன்று ஈனும் இடைவெளி நீண்டதனால் மட்டும் வருவாய் பாதிக்கு அருகில் வந்துவிடுகிறது. உங்கள் ஊர் விலைகளையும் செலவுகளையும் இட்டு இக்கணக்கை வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆதலின் பசு பருவத்திற்கு வருவதைக் கவனிப்பது கறவைக்கு நிகரான வேலையாகும். 21 நாட்களுக்கு ஒருமுறை பருவம் வரும். ஒருமுறை தவறினால் 21 நாள் நட்டம். காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவித்தல் வேண்டும். ஒன்று வற்றும்போது மற்றொன்று கறக்கும்படி இரண்டு பசுக்களை முறைவைத்து வளர்ப்பின், வீட்டு வருவாய் எம்மாதமும் அறவே நிற்காது.

பரிசோதனையும் நம்பிக்கையும்

"அவரும் எட்டு லிட்டர் ஊற்றினார்; நானும் எட்டு லிட்டர் ஊற்றினேன்; எனக்கு ஏன் பணம் குறைவு?" என்ற கேள்வி எச்சங்கத்திலும் எழுவதாகும். பாலின் விலை அளவை மட்டும் பொறுத்ததன்று. அதிலுள்ள கொழுப்புச் சத்தையும், கொழுப்பற்ற திடச் சத்தையும் பொறுத்தது. பசும்பாலில் கொழுப்பு பெரும்பாலும் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு வரையும், எருமைப் பாலில் ஆறு, ஏழு வரையும் இருக்கும். கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. மடியில் கடைசியாக வரும் பாலில் மிகுதி. கடைப்பாலைக் கறவாமல் விட்டால் கொழுப்புக் கணக்கு இறங்கிவிடும். வைக்கோலும் தட்டையுமான நார்த்தீவனத்தைக் குறைத்துப் புண்ணாக்கை மட்டும் மிகுதியாக வைத்தாலும் கொழுப்பு குறையும். நீர் கலந்தாலோ இரு சத்தும் குறைந்து, பால்மானியும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவையெல்லாம் உண்மையாயினும், பரிசோதனையில் நம்பிக்கை இல்லையெனில் சங்கம் நிலைக்காது. நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், ஒரு சங்கத்தின் பால் வரத்து இரண்டாண்டில் பாதியாகக் குறைந்தது. அங்கத்தினர்கள் முன்பணம் தரும் வியாபாரிகளிடம் சென்றுவிட்டனர். விசாரித்தபோது, விலையைப் பற்றிய குறை பெரிதாக எழவில்லை. பரிசோதனை உள்ளறையில் நடந்தது. எண் பின்னர்த் துண்டுச்சீட்டில் வந்தது. அந்த எண்ணை யாரும் நம்பவில்லை. ஒரு மூதாட்டி நம்மிடம் சொன்னார்: "குறைவாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, ஐயா, என் கண்முன் அளக்கச் சொல்லுங்கள்." அதன்பின் பரிசோதனைக் கருவி வாயிலுக்குக் கொணரப்பட்டது. எண் ஊற்றுவோர் பார்க்கும்படி திருப்பி வைக்கப்பட்டது. அங்கேயே சீட்டும் தரப்பட்டது. வாரம் ஒருமுறை ஒரே பாலை இருவர் தனித்தனியே சோதித்து, இரு எண்களையும் பலகையில் எழுதினர். செலவு ஏதுமில்லை. சில மாதங்களில் பால் திரும்பி வந்தது.

தீவனமும் தண்ணீரும்

கறவைப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனமும், ஐந்தாறு கிலோ உலர்தீவனமும் வேண்டும். உடலைப் பேணுவதற்கான அடர்தீவனத்துடன், கறக்கும் ஒவ்வோர் இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ வீதம் கூட்டிக் கொடுப்பது வழக்கம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைப் பாசன வசதியுள்ள பத்து சென்ட் நிலத்தில் நன்கு பராமரித்தால், ஒரு பசுவின் பசுந்தீவனத் தேவை பெரும்பாலும் நிறைவேறும். அத்துடன் வேலியோரத்தில் அகத்தியும் சூபாபுல்லும் நட்டால் புண்ணாக்குச் செலவும் ஓரளவு குறையும். தண்ணீரோ நாளொன்றுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். கோடையில் இன்னும் மிகுதி.

இங்கு நமது பிழை ஒன்றையும் கூறிவிடுகிறோம். கோடையில் குடிநீருக்கே வண்டியை எதிர்பார்க்கும் ஒரு சிற்றூரில், மகளிர் குழுவினர் கேட்டார்கள் என்பதற்காக நாம் ஒரே சமயத்தில் பல பசுக்களுக்குக் கடன் பரிந்துரைத்தோம். குழுவினரின் ஆர்வத்தில் குறையில்லை, தண்ணீரில்தான் குறை. மறு கோடையில் பாதிப் பசுக்கள் விற்கப்பட்டன. அவ்வூருக்கு வெள்ளாடே ஏற்றது என்பதை முன்னரே நாம் உணர்ந்திருக்க வேண்டும். பால் தொழில் எல்லா ஊருக்கும் பொருந்தாது. தண்ணீர், தீவனம், சாலை ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்த பின்னரே கடன் மனுவில் கையெழுத்திடுதல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பஞ்சாயத்து தானே வேலை கொடுக்க இயலாது. ஆயின் வேலை உண்டாவதற்குத் தடையானவற்றை நீக்க இயலும்.

முதலாவதாக, தீவனம். மேய்க்கால் புறம்போக்கில் எஞ்சியிருப்பதை ஆக்கிரமிப்பினின்று காத்து, உரிய அனுமதி பெற்று, புல்லும் தீவன மரமும் வளர்க்கலாம். விளைந்த புல்லை நிலமற்ற குடும்பங்களுக்கு முதலில் பங்கிடுவதே முறையாகும். நிலமுள்ளவர் தம் வரப்பில் வளர்த்துக்கொள்வார். நிலமற்றவருக்குப் புறம்போக்கே வரப்பு.

இரண்டாவதாக, தண்ணீர். கால்நடைக் குடிநீர்த் தொட்டிகள் பல ஊர்களில் கட்டப்பட்டுள்ளன. நீர் நிரம்பியவை சில. நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதைக் கிராம சபையில் பெயர் குறித்து எழுதிவைத்தல் நலம்.

மூன்றாவதாக, சாலையும் இடமும். மழைக்காலத்தில் பால் வண்டி ஊருக்குள் வரமுடியாத ஒரு நாள், நூறு வீட்டின் ஒரு நாள் வருவாயை இழக்கச் செய்யும். பழுதுபார்க்கும் பட்டியலில் பால் வண்டி செல்லும் சாலையை முன்னே வையுங்கள். சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் இல்லையேல் பொது இடம் ஒன்றை ஒதுக்க உதவுங்கள்.

நான்காவதாக, நோய்த் தடுப்பு. கோமாரி நோய்க்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. முகாம் நாளை முன்னதாகவே தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ அறிவித்து, ஒரு மாடும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுபட்ட ஒரு மாட்டினின்று நோய் ஊர் முழுவதும் பரவக்கூடும்.

ஐந்தாவதாக, கடன் உதவி. 2018-19 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், உழவர் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்குமென அறிவிக்கப்பட்டது. தீவனம் முதலிய நடைமுறைச் செலவுக்கு இது உதவும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மனுச் செய்யுமுன் வங்கியிலும் கால்நடை மருந்தகத்திலும் நேரில் விசாரித்துக்கொள்க. வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், அவர் சொல்லும் விலைக்கே பாலை ஊற்றக் கடமைப்பட்டுவிடுகிறார் என்பதை மறத்தலாகாது.

பெண்களே அங்கத்தினர் ஆகட்டும்

மாட்டைக் குளிப்பாட்டுபவரும், புல் அறுப்பவரும், கறப்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஆனால் சங்கப் புத்தகத்தில் கணவர் பெயரும், வங்கிக் கணக்கில் கணவர் பெயரும் இருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். 1989-ஆம் ஆண்டில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம், பெண்கள் கையில் வரும் பணம் சேமிப்பாகவும் பிள்ளைகளின் கல்வியாகவும் மாறுவதை நமது மாநிலத்திற்குக் காட்டிற்று. உழைப்பவர் பெயரிலேயே அங்கத்தினர் சீட்டும் கணக்கும் இருக்கட்டும். சங்க நிர்வாகக் குழுவிலும் அவர்கள் அமர்ந்து பேசட்டும்.

அடுத்த கிராம சபையில்

அங்கத்தினர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது: அடுத்த கிராம சபையில் ஐந்து எண்களை எழுதி வையுங்கள். ஊரில் கறவை மாடுகள் எத்தனை; அவற்றுள் இன்று கறப்பவை எத்தனை; நாளொன்றுக்குச் சங்கத்திற்குச் செல்லும் பால் எவ்வளவு; வியாபாரிக்குச் செல்வது எவ்வளவு; பசுந்தீவனம் விளையும் நிலம் எத்தனை சென்ட். இவ்வைந்தையும் ஆறு மாதம் கழித்து மீண்டும் எழுதி ஒப்பிடுங்கள். மாடுகளின் எண்ணிக்கை கூடி, கறப்பவை கூடவில்லையெனில் சினைப் பருவத்தைக் கவனியுங்கள். பால் கூடி, சங்கத்திற்கு வருவது கூடவில்லையெனில் பரிசோதனை நடக்கும் இடத்தைச் சென்று பாருங்கள். இரண்டுமே குறைந்தால், தீவன நிலத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். குறை எங்குள்ளது என்பதை ஊராரே அறிந்துவிட்டால், எங்களைப் போன்ற அலுவலர்களிடம் எதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

நமது தெருவில் கடனில் வந்த அந்தப் பசு நல்ல பசுவே. அதைப் பேணியவர்களும் உழைப்பாளிகளே. அருகில் ஒரு சங்கமும், பத்து சென்ட் புல்லும் இருந்திருப்பின் அவ்வீட்டுப் பிள்ளை பள்ளியிலேயே இருந்திருப்பான். இனி நமது ஊர்களில் எப்பிள்ளையும் அவ்வாறு பள்ளியை விட்டுச் செல்லாதிருக்கும் பொருட்டு, பசு வருமுன்னே அதற்குரிய புல்லையும் பாலுக்குரிய சந்தையையும் ஆயத்தம் செய்வோமாக.